சாலை நடுவே ஒரு சந்து

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கேக்குது. கொஞ்சம் லேட்டாக் கேக்குது, அவ்ளோதான்" என்பார். பின்னால் லாரி வந்து ஹாரன் அடிக்கும்போது லேட்டாகக் கேட்பதற்கும் கேட்காமலே போவதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் மடக்குவேன். சிரித்துவிட்டு சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

காதைத் தின்றது தறி. நாங்கள் இருவரும் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிப் பக்கத்துக்காரர்கள். அவர் எனக்குத் தாய்மாமன், என் அம்மாவின் கடைசித் தம்பி. மீசை முளைக்கும் முன்பே விசைத்தறிக் கொட்டகைக்குப் போனவர். நானும் அதே கொட்டகையில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கட்டையில் சுற்றிக் கொடுக்கும் வேலை செய்தவள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்தமாட்டார்கள். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் நன்றாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தமிழ், தெலுங்கு எதுவானாலும் எங்களுக்கு ஒன்றுதான். நாலு தறிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் மாமா என்னிடம், கட்டிக்கிறியா என்று கேட்டார். நான் தலையாட்டுவதற்குள் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். தறிக்காரன் ரகசியம் பேசவேண்டும் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசவேண்டும்.

பிறகு நூல் விலை ஏறியது. மில் துணி மலிவாக வந்து குவிந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு எடுத்துப் போனார்கள். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சென்னைக்கும் மீதிப் பேர் திருப்பதிக்குமாகச் சிதறினோம். மகன் படிப்பை முடித்துச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான். நாங்கள் திருப்பதியின் ஓரத்தில், ரேணிகுண்டா போகும் ரோட்டை ஒட்டிய ஒரு வார்டில் வாடகைக்கு வீடு பிடித்தோம். எங்களுக்கு முன்பே வந்த தறிக் குடும்பங்களும் பின்னால் வந்தவையும் சேர்ந்து அந்தத் தெருவே தறித்தெரு மாதிரி ஆகிவிட்டது. மற்ற தெருக்காரர்கள் எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். ஒன்று, ஊருக்கே கேட்கும்படி பேசுவோம். இல்லையென்றால், இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்குமாகச் சத்தமே இல்லாமல் சண்டை போடுவோம். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தண்ணீர்க் குழாய்க்காக என்னைத் திட்டிய திட்டு ஒன்றுகூட நடுவில் போன கீரைக்காரிக்குக் கேட்கவில்லை.

மாமாவுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாண்டிரியில் வேலை கிடைத்தது. திருப்பதியில் லாட்ஜுகளுக்குக் குறைவில்லை, லாட்ஜுகளில் விரிப்புகளுக்கும் குறைவில்லை. துவைத்துக் காய்ந்து வரும் விரிப்புகளை மடிப்பதும், கிழிசல் பார்த்து ஒதுக்குவதும் அவர் வேலை. காது மந்தமானவருக்கு வேறு எவரும் வேலை தரத் தயாராக இல்லாதபோது அந்த லாண்டிரிக்காரர் தந்தார். மாமாவுக்கும் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேலை பிடித்துப் போனது.

அப்போது ரோடு சின்னது. லாரிக்காரனும் மனிதனாகத்தான் இருந்தான். சைக்கிளைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பான். மாமா திரும்பி டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். டிரைவர் வாயில் "போ, போ" என்று வந்தால் போவார். வேறு ஏதாவது வந்தால் நிற்பார். அந்த வேறு ஏதாவது என்ன என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஸ்ரீ சிட்டி தொழில்பேட்டையில் கம்பெனிகள் வந்ததும் ரோடு வீங்க ஆரம்பித்தது. காளஹஸ்தி வழியாகக் கம்பெனி பஸ்கள், நாயுடுபேட்டையிலிருந்து சரக்கு லாரிகள், மலைக்குப் போகும் வேன்கள். புளியமரங்கள் போயின. ரோட்டை அகலப்படுத்தி நடுவில் டிவைடர் கட்டினார்கள். எங்கள் தெருமுனைக்கு நேராக மட்டும் ஒரு சைக்கிள் தாராளமாக நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள். யார் சொல்லி விட்டார்கள், மறந்துபோய் விட்டார்களா என்று தெரியாது. எங்களுக்கு அந்தச் சந்துதான் உயிர். அது இல்லையென்றால் வெகுதூரம் போய் வளைந்து, எதிரில் வரும் லாரிகளின் ஓரமாகவே திரும்பி வரவேண்டும்.

ரோடு நன்றாக இருந்தால் வண்டிக்குக் கண் தெரியாது போலிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வருடத்துக்குள் ஒரு நாய், இரண்டு ஆடு, பிறகு பஞ்சர் கடைக்காரரின் கால் என்று போய்க்கொண்டே இருந்தது. புரட்டாசியில் மஞ்சள் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து நடந்து வரும் பக்தர்கள்கூட எங்கள் தெருமுனைக்கு வந்ததும் கோவிந்தா சொல்வதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். மாமாவுக்கு நான் சைக்கிளில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் கழித்து, "ஏம்மே, இதுல லாரி மூக்குதான் தெரியுது. டிரைவரு மூஞ்சி தெரியல" என்றார். வண்டிகளின் வேகத்தில் நேராகத் திரும்பிப் பார்த்தாலும் முகம் தெரியாமல் போனது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு கம்பெனி பஸ் அவருடைய ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. காரை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். நான் போய் நின்றதும் முதல் வார்த்தையாக, "சைக்கிளுக்கு ஒன்னும் ஆவல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினேன். அவருக்கு அதில் கால்வாசிகூடக் கேட்டிருக்காது. ஆனால் என் கண்ணைப் பார்த்துவிட்டு நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கத்திக்கொண்டே இருந்த நான் அழுதுவிட்டேன்.

எலும்பு கூடியதும் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். அன்று முதல் நானும் கூடவே போனேன். காலையில் அவரோடு ரோட்டைத் தாண்டி விட்டுவிட்டு வருவேன். சாயங்காலம் போய்க் கூட்டிவருவேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். நான் ஒரு அடி முன்னால் நின்று வண்டிகளைப் பார்ப்பேன். அவர் ரோட்டைப் பார்க்கவே மாட்டார், என் வாயை மட்டும் பார்ப்பார். "இரு" என்றால் இருப்பார். "போ" என்றால் கண்ணை மூடிக்கொண்டு போவது மாதிரிப் போவார். பாதி ரோடு, சந்தில் நிற்பது, மறுபடி பாதி ரோடு. ஒரு மனிதர் தன் உயிரைத் தினமும் இரண்டு வேளை என் வாயில் வைத்துவிட்டு நிம்மதியாக நிற்கிறாரே என்று, ஒரு வண்டிக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீ சிட்டியில் செருப்பு தைக்கும் கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும் என்று ஆள் வந்தது. தையல் தெரிந்தவர்களுக்கு முதலிடம். பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். நான் அதுவரை வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்காவின் மகள் முதலில் போய்ச் சேர்ந்தாள். ஒருநாள் தன் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். நீளமான ஹால். வரிசை வரிசையாக மெஷின்கள். அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடினால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்கு உடனே தெரிந்தது. கொட்டகை மூடிய நாளிலிருந்து என் காதுக்குள் ஏதோ ஒன்று காலியாகவே இருந்தது. சத்தம் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து ஊக்கு வைத்துக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அந்த ஹாலில், அந்த வரிசையில், எனக்கென்று ஒரு மெஷின் முன்னால் உட்காரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வாழ்க்கையில் அப்படி எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஆனால் பஸ் விடியும் முன்பே கிளம்பிவிடும், இருட்டிய பிறகுதான் திரும்பும். நான் போய்விட்டால் மாமாவை யார் தாண்டவைப்பது? தெருவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் வேலை. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று கெஞ்சிக்கொண்டு நிற்க அவரால் முடியாது, என்னாலும் முடியாது. மாமா கேட்டபோது, "செருப்பு தெக்கறதுக்கா நான் பொறந்தேன்? யாருக்கு ஓணும் அந்த வேல" என்று சொல்லிவிட்டேன். வாயை நன்றாக அசைத்துத்தான் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வண்டிங்க மெதுவா வந்தா எனுக்கு மூஞ்சி தெரியும். மூஞ்சி தெரிஞ்சா நானே தாண்டிடுவேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சந்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பீட் பிரேக்கர் போட்டால் போதும். அரசாங்கத்தை மேம்பாலம் கட்டச் சொல்லவில்லை, கொஞ்சம் தார் கொட்டச் சொல்கிறோம். எதிர்வீட்டு அக்காவையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முனிசிபாலிட்டியில், அது ஹைவே ரோடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். ஹைவே ஆபீசில், அது சென்ட்ரல் கவர்ன்மென்ட் ரோடு, ஸ்பீட் பிரேக்கர் போடவே கூடாது என்றார்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் மட்டும் யாரையும் கைகாட்டவில்லை. "சேஸ்தாம்மா, சேஸ்தாம்" என்றார். செய்கிறோம், செய்கிறோம் என்று அர்த்தம். அடுத்த தடவை போனபோதும் அதையேதான் சொன்னார். அக்கா வெளியே வந்து, "இந்த ஆளு பொண்டாட்டி சோறு போடுன்னாக்கூட இதயேதான் சொல்லுவாரு போல, நாமளே துன்னுட்டுத் தூங்கலாம் வா" என்றாள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நாங்கள் அழுதுகொண்டேதான் இருந்தோம், பால்தான் வரவில்லை. பிறகு தேர்தல் வந்தது.

தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்கு மதிப்பு வரும். தமிழ் பேசும் குடும்பங்கள் மொத்தமாக ஒரே பக்கம் ஓட்டுப் போடுவோம் என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கவுன்சிலர் மறுபடி நிற்கிறார். தெருமுனையில் புதிதாக வைத்த தண்ணீர் டேங்க்கைத் திறந்துவைக்க ஒரு சாயங்காலம் மேடை போட்டார்கள். பின்வரிசையில் மற்ற தெருக்காரர்கள், முன்வரிசையில் முழுக்க எங்கள் தெரு. மாமாவும் நானும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் கவுன்சிலருக்குப் பக்கத்தில் ஒரு கான்ட்ராக்டர். அந்த ரோட்டில் டிவைடர் வேலையை எடுத்துச் செய்தவர் அவர்தான். எங்கள் தெரு ஆண்களில் பல பேர் அவரிடம் கூலிக்குப் போகிறவர்கள்.

கவுன்சிலர் பேசி முடிக்கும் நேரத்தில் எதிர்வீட்டு அக்கா எழுந்து நின்றாள். "டேங்கு நல்லா கீது சார். ஸ்பீட் பிரேக்கரு எப்ப?" என்றாள். கவுன்சிலர் அசரவில்லை. "ஒக்க நெல. ஒரே மாசம். ரெண்டு பக்கமும் போட்டுத் தர்றது என் பொறுப்பு" என்று தெலுங்கும் தமிழுமாக மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

கைதட்டல் ஓயும் முன்பு அவர் மைக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, முகத்தைக் கொஞ்சமாகக் கான்ட்ராக்டர் பக்கம் சாய்த்து, தெலுங்கில் மெல்ல ஏதோ சொன்னார். மெல்லச் சொன்னார் என்பது மற்றவர்களுக்கு. எங்களுக்கு மெல்லவும் உரக்கவும் ஒன்றுதான். "ஓட்டு முடியட்டும். அப்புறம் அந்தச் சந்தைக் கல் வைத்து மூடிவிடு. சந்து இல்லையென்றால் தாண்டமாட்டார்கள். தாண்டாவிட்டால் சாகமாட்டார்கள். நமக்கும் தொல்லை விட்டது." ஒரு எழுத்துவிடாமல் நான் பார்த்தேன். என் வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள் என்பது, தட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றதில் தெரிந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஸ்பீட் பிரேக்கர் கேட்கப் போய் இருக்கிற சந்தும் போகப்போகிறது. எதிர்வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, சத்தமில்லாமல், "பாத்தியா" என்றாள். "பாத்தேன்" என்றேன். ஆனால் யார் எழுந்து கேட்பது? மைக்கில் பேசாததை எப்படிக் கேட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கான்ட்ராக்டரிடம்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது மாமா எழுந்தார்.

அவர் கூட்டத்தில் பேசியதே கிடையாது. தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்கே தெரியாது என்பதால் வெளியிடங்களில் வாயே திறக்கமாட்டார். அன்றைக்கு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். ஓட்டு முடிஞ்சதும் சந்த கல்லு வச்சி மூடச் சொல்றீங்களே. மூடிட்டா நான் எங்க சார் தாண்டறது? லாண்டிரி அந்தப் பக்கம் கீது."

கவுன்சிலர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "யாரு சொன்னது, மூடறதுன்னு?" என்றார்.

"நீங்கதான் சார். இப்பத்தான சொன்னீங்க. தாண்டலன்னா சாவமாட்டாங்கன்னு சொன்னீங்க. அது நியாயந்தான் சார். ஆனா நான் வேலைக்குப் போய்க்கினு கீறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. மைக்கில் வருவது அவருக்குக் கேட்காது. உதடு அசைந்தால் அவருக்கு எல்லாமே பேச்சு. எது ஊருக்குச் சொன்னது, எது காதோடு சொன்னது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்துக் கவுன்சிலரின் சொற்பொழிவு என்று எடுத்துக்கொண்டு மனிதர் சந்தேகம் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை. பதிலுக்காகக் கவுன்சிலரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "காது கேக்காதவரு, பாவம், எதையோ தப்பாப் புரிஞ்சிக்கினாரு" என்று கவுன்சிலர் ஆள் ஒருவன் சமாளித்தான். அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா எழுந்தாள். "தப்பு ஒன்னும் இல்ல. நானும் பாத்தேன்" என்றாள். அவள் வீட்டுக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு தானும் எழுந்தார். "நானுந்தான்." பிறகு நான். பிறகு வரிசையாக எல்லோரும். தறிக் கொட்டகையில் என்ன நடக்கும் என்று பின்வரிசைக்காரர்களுக்கு யாரோ தெலுங்கில் விளக்கினார்கள். அந்தச் செய்தி பின்னால் போகப் போக ஒரு சலசலப்பு எழுந்தது. கான்ட்ராக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கவுன்சிலர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, கையை எடுத்துவிட்டு, எல்லோரும் வாயைப் பார்க்கும்படி நேராக நின்று சொன்னார். சந்தை யாரும் மூடமாட்டார்கள். ஸ்பீட் பிரேக்கர் ஓட்டுக்கு முன்னாலேயே வரும். அந்த வாரமே ஜல்லியும் தாரும் வந்து இறங்கின. அதுவரை சென்ட்ரல் கவர்ன்மென்ட் ரோடாக இருந்தது திடீரென்று எங்கள் வார்டு ரோடாகிவிட்டது.

எனக்கு மட்டும் பயம் தீரவில்லை. பயந்த மாதிரியே கவுன்சிலரின் ஆட்கள் இரண்டு பேர் ஒருநாள் மோட்டார் பைக்கில் வீட்டுக்கு வந்தார்கள். மாமா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் எதுவும் சொல்லாமல் அவருக்குப் பின்னால் போய் நின்று, தலைக்குப் பக்கத்தில் ஓங்கிக் கை தட்டினான். மாமா திரும்பவில்லை. செயினையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை தட்டினான், அப்போதும் இல்லை. மற்றவன் சிரித்துவிட்டு, "விடுரா, நெஜமாவே செவுடு. தெரியாம கேட்டுட்டாரு" என்றான். போய்விட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெருவில் அது பெரிய தமாஷாகிவிட்டது. "ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. இங்க செவுடு ஊரக் காப்பாத்திட்டுது" என்று எதிர்வீட்டு அக்கா சொல்லிக்கொண்டு திரிந்தாள். தேர்தலில் அதே கவுன்சிலர்தான் ஜெயித்தார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போதெல்லாம் துண்டால் வாயை மூடிக்கொள்வார். அவரைப் பார்த்து அவருடைய ஆட்களும் மூடிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் எங்கள் தெருவில் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வாரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் மனசு ரோட்டில்தான் இருந்தது. மாமா எப்படியோ சமாளித்துக்கொண்டார். வண்டிகள் மேட்டில் ஏறித் தள்ளாடி வரும்போது டிரைவர்களின் முகம் தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். கம்பெனி ஹாலில் எனக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். அத்தனை மெஷினும் ஒன்றாக ஓட ஆரம்பித்த அந்த முதல் காலையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மெஷினில் இருந்த தடா ஊர்க்காரப் பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். சத்தத்தில் அவள் குரல் வரவில்லை, வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது. நன்றாக இருக்கிறேன் என்று வாயாலேயே சொன்னேன்.

வருடங்கள் போயின. மாமாவின் கதையை நான் கம்பெனியில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கையைக் கூப்பி, "அது நியாயந்தான் சார்" என்று அவரைப் போலவே சொல்லிக் காட்டுவேன். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனித் தோழிகள் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோதும் கேட்டார்கள், சொன்னேன். மாமா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு நான் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் துடைத்து வைக்க வந்தார்.

"நீ சொல்ற கதையில ஒன்னு தப்பும்மே" என்றார்.

"இன்னா தப்பு?"

"அந்த ஆளு மைக்கு மேல கைய வச்சி மூடினாரு. எனுக்குக் காதுதான் கேக்காது. கண்ணு நல்லாத்தான் தெரியும்."

கையில் இருந்த தம்ளர் அப்படியே நின்றது. நான் அவரைப் பார்த்தேன். "அப்ப தெரிஞ்சேதான் கேட்டியா மாமா?"

"தெரிஞ்சி கேட்டேன்னு தெரிஞ்சா சும்மா உடுவாங்களா? செவுடன் தெரியாம கேட்டுட்டான்னாத்தான சிரிச்சிட்டுப் போவாங்க."

"அந்தப் பசங்க வந்து பின்னால கை தட்டினானுங்களே."

"தட்டினது தெரிஞ்சிது. காத்து வந்திச்சி." துடைத்த தம்ளரை அலமாரியில் வைத்தார். "திரும்பலாமா?"

இத்தனை வருடமும் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அதில் பாதிச் சிரிப்பு நான் சிரிக்கவைத்தது. அவர் ஒருநாளும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. "அடிச்சிப் போட்டிருந்தா? எதுக்கு மாமா உனுக்கு அந்த வேல? நான்தான் ஒயுங்கா கூட வந்து தாண்ட உட்டுக்கினு இருந்தேன் இல்ல?"

"நீ வேணாம்னுதான் சொன்ன" என்றார். "செருப்பு தெக்கவா பொறந்தேன்னு சொன்ன. ஆனா நீ தூக்கத்துல பேசுவம்மே. விடியக்கால அந்தக் கம்பெனி பஸ்சு வந்து நிக்கும் பாரு, அந்த லைட்டு ஜன்னல்ல வுழும். அந்த வெளிச்சத்துல தெனமும் உன் வாயப் பாப்பேன். 'இருங்க, நானும் வர்றேன், இருங்க, நானும் வர்றேன்'னு சொல்லிக்கினே இருப்ப."

நான் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியின் பக்கம் குனிந்துகொண்டேன். அப்போது என் வாயை அவர் பார்ப்பதை நான் விரும்பவில்லை.